பூசினால் மறைந்துவிடும் இடங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் டிப்ளமோ சிவில் முடித்து மூன்று ஆண்டுகளாக நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். இப்போது கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மாடி வீட்டு வேலை நடக்கிறது. வரைபடத்தில் எம் 30 கான்கிரீட், தளத்துக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை வெளியிலிருந்து மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்) என்று போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி கிடைக்கக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கச் சொன்னால் மேஸ்திரி ஜல்லித் துண்டை வைத்துவிட்டு, "பூசினா தெரியாது தம்பி" என்கிறார். கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். முதலாளியிடம் போனால், "பதினைந்து வருஷமா கட்டுறேன், ஒண்ணும் விழல. இந்த அளவு போதும். நீ கோயிலா கட்டுற, வீடுதானே?" என்கிறார். நான் தேவைக்கு மேல் எதிர்பார்க்கிறேனா? போதும் என்று விட்டுவிடுவதா, வேலையை விட்டுவிடுவதா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கட்டமைப்புப் பொறியாளராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். "பூசினா தெரியாது" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு கட்டடத்தைக்கூட முடித்ததில்லை. ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த மேஸ்திரியின் குரலே என் காதில் கேட்டது. முதலில் உங்கள் மனச்சுமையில் பாதியை இறக்கிவிடுகிறேன். நீங்கள் கேட்பது எதுவும் தேவைக்கு மேற்பட்டதன்று. கடலோரக் காற்றுக்கு ஆட்படும் கான்கிரீட்டைக் 'கடுமையான சூழல்' என்று வகைப்படுத்தும் ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பு, அதற்குக் குறைந்தபட்சமாக எம் 30 தரமும், 45 மி.மீ. கவரும், சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மிகாத தண்ணீரும் கேட்கிறது. உங்கள் வரைபடத்தில் இருப்பது இந்தக் குறைந்தபட்சமேயன்றி வேறில்லை. 'போதும்' என்ற கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது. உங்கள் முதலாளி 'போதும்' என்று சொல்லும் இடம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

இத்துடன் பதிலை முடித்துவிடலாம். ஆனால் இவ்வளவு கேட்டால் போதுமா, இதற்கு மேலும் கேட்க வேண்டுமா என்ற தவிப்பும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் நமது தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கே இருக்கிறது.

எம் 30 என்றால், 28 நாள் கழித்துச் சோதிக்கும்போது கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். அந்த வரையறையின் மறுபாதியைப் பலரும் மறந்துவிடுகிறோம்: அந்த 30 என்ற எண்ணுக்குக் கீழே, நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட முடிவுகள் விழக்கூடாது. இப்போது ஒருவர், கேட்டது 30தானே என்று சரியாக 30ஐக் குறிவைத்துக் கலவையை வடிவமைத்தால் என்ன நடக்கும்? மணலின் ஈரம் நாளுக்கு நாள் மாறும், ஜல்லியின் அளவு லோடுக்கு லோடு மாறும், மெஷின் அருகே நிற்பவரின் கை மாறும். எனவே முடிவுகள் 30ஐச் சுற்றி மேலும் கீழுமாகச் சிதறி, ஏறத்தாழப் பாதி தோற்றுப்போகும். அதனால்தான் விதித்தொகுப்பு, ஏற்றத்தாழ்வின் அளவை 1.65ஆல் பெருக்கி 30உடன் கூட்டச் சொல்கிறது. எம் 30க்கு அந்த ஏற்றத்தாழ்வை 5 என்று எடுத்துக்கொண்டால், குறிவைக்க வேண்டிய எண் 38.25. முப்பது வேண்டுமென்றால் முப்பத்தெட்டுக்கு மேல் குறிவைக்க வேண்டும் என்பது யாருடைய இலட்சிய வெறியும் அன்று. மனிதக் கை தடுமாறும் என்பதை அறிந்தவர்கள் போட்ட கணக்கு. உங்கள் முதலாளிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். 'போதும்' என்ற இடத்தையே குறிவைப்பவன் பாதி நேரம் அதற்குக் கீழேதான் போய் விழுவான் என்பது, கணக்குத் தெரிந்த வியாபாரிக்குப் புரியாத விஷயமல்ல.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. அந்த 5 என்ற எண், சிமெண்டை நனையாமல் அடுக்கி, பொருள்களை எடை போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றி, மணலின் ஈரத்தை அவ்வப்போது சோதிக்கும் வேலைத்தளத்துக்கு உரியது. பாண்டில் அள்ளிக் கொட்டி, ஹோஸ் குழாயில் தண்ணீர் விடுகிற வேலைத்தளத்துக்கு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தொகுப்பே சொல்கிறது. அதாவது, கவனம் குறையக் குறையக் குறியை மேலே ஏற்ற வேண்டும், அதற்குச் சிமெண்ட் கூடும், பணம் கூடும். கவனம் கூடினால் ஏற்றத்தாழ்வு சுருங்கும், செலவும் சுருங்கும். உயர்ந்த தரம் என்றாலே செலவு என்று நினைக்கும் ஒப்பந்தக்காரர்கள், கவனக்குறைவுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் விலையைக் கணக்கில் எழுதுவதேயில்லை.

இங்கே உங்களையும் ஒரு தவறிலிருந்து தடுக்க வேண்டியிருக்கிறது. தரத்தில் பிடிவாதம் உள்ள இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது: அவர்கள் எதையும் கூட்டப் பார்ப்பார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் கூட, இரண்டு கம்பி கூட, ஒரு சுற்று ரிங் கூட. சிமெண்ட் அளவுக்கு மீறினால் சுருக்கம் கூடி, தளத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பீமும் பில்லரும் கூடும் இடத்தில் கம்பியை நெருக்கினால் ஜல்லி உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, சென்ட்ரிங் பிரிக்கும்போது தேன்கூடு போன்ற பொந்துகள் தெரியும். கான்கிரீட்டுக்குள் ஐந்து விழுக்காடு காற்றிடம் தங்கினாலே வலு முப்பது விழுக்காடு வரை குறையக்கூடும் என்பதைப் பார்க்கும்போது, அந்தக் கூடுதல் கம்பி கொடுத்ததைவிடக் கெடுத்தது அதிகம் என்று ஆகிவிடும். ஆகவே, சொன்னதைச் சொன்ன இடத்தில், காலை எட்டு மணிக்கு இருந்தது போலவே மாலை ஐந்து மணிக்கும், ஆள் பார்க்கும்போது இருந்தது போலவே பார்க்காதபோதும் செய்ய வைப்பதற்கே உங்கள் பிடிவாதத்தைச் செலவிடுங்கள்.

அடுத்து, "பதினைந்து வருஷமா ஒண்ணும் விழல" என்ற வாதத்துக்கு வருவோம். இதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். அனுபவத்தின் மீது நிற்கும் வாதம் என்பதால் அதை அனுபவத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும். வடிவமைக்கும் பொறியாளர் வீட்டின் மீது வரும் சுமையை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக்கொள்கிறார்; கான்கிரீட்டின் வலுவை 1.5ஆலும் கம்பியின் வலுவை 1.15ஆலும் வகுத்துக்கொள்கிறார். இந்த இடைவெளி இருப்பதால்தான், தண்ணீர் கூடிய கலவையிலும் கோணலான பில்லரிலும் கட்டிய வீடுகள் அன்றாடச் சுமையில் விழாமல் நிற்கின்றன. உங்கள் முதலாளியின் பதினைந்து ஆண்டு நிம்மதி, அவர் முகம் பார்த்திராத வடிவமைப்பாளர்கள் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தது. நிலநடுக்கம் போன்ற ஒன்று வரும் நாளில்தான் அந்தச் சேமிப்பின் இருப்பு தெரியும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல விழுந்தன. அவற்றின் பக்கத்திலேயே விழாமல் நின்ற கட்டடங்களும் இருந்தன.

ஆனால் உங்கள் ஊரில் நான் அஞ்சுவது விழுவதைப் பற்றியன்று. கட்டடம் இடிந்தால் அது செய்தியாகும். 2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் 61 உயிர்களைக் கொண்டுபோனது போன்ற விபத்துகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். கடலோர வீடு அப்படிச் சாவதில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை, உள்ளே இருக்கும் கம்பியின் மீது ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி அதைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளேறி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பும் அதே வழியில் உள்ளே போய்ப் படலத்தைக் குத்திக் கிழிக்கிறது. கம்பியைத் தொடும் வரை வெளியே ஒன்றுமே தெரியாது. தொட்ட பிறகு கம்பி துருவேறும். துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். இடம் போதாமல் கவர் கான்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும்.

இந்த ஊடுருவலுக்கு ஒரு விந்தையான கணக்கு உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும். அதாவது கவரைப் பாதியாக்கினால் காலம் பாதியாவதில்லை, நான்கில் ஒரு பங்காகிவிடும். உங்கள் மேஸ்திரி வைக்கும் ஜல்லித் துண்டு 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 45 மி.மீ. கவர் தந்திருக்கக்கூடிய காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அந்த வீட்டுக்குக் கிடைக்கும். அதுவும் ஜல்லித் துண்டு நழுவாமல் நின்றால்தான். கான்கிரீட் கொட்டி, ஆள் மிதித்து, வைப்ரேட்டர் ஓடும்போது அது புரண்டுபோய், கம்பி பலகையிலேயே படுத்துவிடுவதைச் சென்ட்ரிங் பிரித்த பல தளங்களின் அடியில் கோடு கோடாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடுகளைத்தான் பூச்சு மறைக்கிறது. எனவே உங்கள் முதலாளியின் பதினைந்து வருடம் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அவருடைய முதல் வீடுகளுக்கு இப்போதுதான் பதில் சொல்லும் வயது வந்திருக்கிறது.

மற்றவர்களைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 1989இல், பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கிழக்குக் கடற்கரையில் ஓர் ஊரில் பணியாளர் குடியிருப்பு ஒன்றின் முதல் தளத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். பால்கனி சுவருக்கு வெளியே தொங்குவது. அதனால் அதன் முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சேர் கம்பிகளைப் போதுமான அளவு வைக்கவில்லை என்பதை மதியமே கவனித்தேன். மாலை நாலரை மணி, வானம் கறுத்திருந்தது, பாண்டு சுமந்த பெண்கள் அந்தக் கம்பிகளின் மேலேயே நடந்து போனார்கள், ஒவ்வொரு அடிக்கும் கம்பி அமிழ்ந்ததை நான் பார்த்தேன். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். "கொக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கொட்டுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர்களும் ஒப்புக்கு இரண்டு இடத்தில் தூக்கினார்கள். போதும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். முட்டுகளை எடுத்த அன்று பால்கனியின் நுனி இறங்கி, சுவரை ஒட்டி மேல்புறத்தில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. மறுபடி முட்டுக் கொடுத்து உடைத்துப் பார்த்தோம். 115 மி.மீ. தடிமனுள்ள தளத்தில், மேலிருந்து 20 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டிய கம்பி 65 மி.மீ. ஆழத்தில் கிடந்தது. கம்பியின் எண்ணிக்கை சரி, விட்டம் சரி, இடைவெளி சரி, கலவையும் சரி; இருக்கும் இடம் மட்டும் மாறியதால் பால்கனியின் வலு ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. அன்று அதை உடைத்த கூலியாட்களில் ஒருவர்கூட என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சம்மட்டி அடித்த ஒவ்வொரு அடியின் சத்தமும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் மேஸ்திரியைப் பற்றி இப்போது பேசலாம். அவரை நீங்கள் அக்கறையற்றவர் என்று நினைப்பதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து தோன்றுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் பூச்சு வேலை செய்யும்போது ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். தூக்குக்குண்டு விட்டு, புள்ளி வைத்து, மட்டக்கோலை இழுத்து, கரணையால் தேய்த்து, சாய்ந்து நின்று ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரின் நெளிவைப் பார்த்து, திருப்தியில்லையென்றால் தானே வழித்துப் போட்டுவிட்டு மறுபடி பூசுவார். யாரும் சொல்லாமலே செய்வார். அதே மனிதர்தான் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை வைக்கிறார். ஏன்? பூச்சை வீட்டுக்காரர் தடவிப் பார்ப்பார், ஊரார் பார்ப்பார்கள், "யார் வேலை இது?" என்று கேட்பார்கள். கவரை யார் பார்க்கப் போகிறார்கள்? அவருக்குத் தரம் தெரியாமல் இல்லை. மறைந்துபோகும் வேலையைப் பாராட்ட ஆள் இல்லை என்பதுதான் அவருடைய இத்தனை ஆண்டு அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மறையப்போவதை மறைவதற்கு முன் நின்று பார்க்கும் ஆளாக நீங்கள் இருந்தால் போதும்.

அதைக் கான்கிரீட் போடும் நாளன்று செய்யாதீர்கள். அன்று மெஷின் வந்து நிற்கும், இருபத்தைந்து பேர் கூலிக்கு நிற்பார்கள், மழை வருமோ என்று முதலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் அது இடைஞ்சலாகத்தான் கேட்கும். முந்தின நாள் மாலை, கம்பி கட்டி முடித்தவுடன், மேஸ்திரியையும் கம்பி கட்டியவரையும் கூட்டிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து பாருங்கள். டேப்பை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சரியாக இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நமது தளங்களில் பொறியாளர் வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் என்று ஆகிவிட்டது. சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவிலாவது கவர் பிளாக் வைத்து, கட்டுக் கம்பியால் கட்டி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு, மறுநாள் ஆட்களுக்கு வாங்கும் டீ, வடைச் செலவைப் பெரிதாகத் தாண்டாது.

தண்ணீர்ப் பிரச்சினை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அங்கே ஆட்களின் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு மொத்தம் 22.5 லிட்டர். அந்தக் கலவை கெட்டியாக இருக்கும், கரண்டியில் இழுக்க வராது, இடுப்பு ஒடியும். அவர்கள் ஐந்து லிட்டர் கூட ஊற்றினால் விகிதம் 0.55 ஆகி, வலுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போகும் வழியெல்லாம் உப்புக்கு வழியாகும். ஆனால் "ஊற்றாதே" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் நிற்பது பொறியாளர் வேலையன்று. பிளாஸ்டிசைசர் வாங்கிக் கொடுங்கள். தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகும். தண்ணீருக்குப் பக்கெட்டில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, ஹோஸ் குழாயை மெஷின் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மணலில் இருக்கும் ஈரத்தை மறக்காதீர்கள்: மூட்டைக்கு 85 கிலோ மணல் போடுகிறீர்கள், அதில் ஐந்து விழுக்காடு ஈரம் என்றால், நீங்கள் பக்கெட்டைத் தொடுவதற்கு முன்பே நாலு லிட்டருக்கு மேல் கலவைக்குள் போய்விட்டது. முதல் நாள் மழை பெய்திருந்தால் கோட்டைக் கீழே இறக்கிப் போட வேண்டும். இதை அந்த மெஷின் ஓட்டுபவரிடம் ஒருமுறை விளக்கிச் சொல்லிவிட்டால், அடுத்த மழைக்கு அவரே வந்து "சார், கோட்டை இறக்கணுமா?" என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள்.

வலுவைச் சோதிக்கக் கலவையிலிருந்து கியூப் (கனசதுர மாதிரி) எடுக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். கியூபுக்கென்று தனியாக நல்ல கலவை போடும் தளங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுப்பகலில், ஆட்கள் களைத்திருக்கும் நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் தளத்தில் கொட்டப்போகும் கலவையிலிருந்தே எடுங்கள். மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் 35 குத்துக்குக் குறையாமல் குத்தி, தேதி எழுதி, தண்ணீரில் போடுங்கள். முடிவு வந்ததும் அதைக் கோப்பில் மட்டும் வைக்காமல் மேஸ்திரியிடம் போய்க் காட்டுங்கள்: "அண்ணே, உங்க கலவை 39 வந்திருக்கு." நான் பார்த்தவரை, இந்த ஒரு வாக்கியம் செய்த வேலையைப் பத்து எச்சரிக்கைக் கடிதங்கள் செய்ததில்லை. அவருடைய மறைந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு எண் கிடைக்கிறது, அதை யாரோ பார்த்தும் இருக்கிறார்கள்.

க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட்தான் வருகிறது என்பதால் ஏழு நாள் என்ற பழைய பேச்சை விட்டுவிடுங்கள். பத்து நாள் கட்டாயம், பதினான்கு நாள் நல்லது. தளத்துக்குப் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதை எல்லோரும் செய்கிறார்கள், பில்லரில்தான் ஏமாற்றுகிறார்கள். சாக்குச் சுற்றி நனைத்து வையுங்கள், காலையில் கை வைத்துப் பாருங்கள்.

இனி எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி. எல்லா இடத்திலும் ஒரே பிடிவாதம் பிடிப்பவரின் பேச்சை மூன்றாம் வாரம் யாரும் கேட்க மாட்டார்கள். பூசப்போகும் சுவரில் ஒரு செங்கல் இரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறதா, விட்டுவிடுங்கள். கடைக்காலுக்கு அடியில் போடும் வெறும் கான்கிரீட்டின் மேற்பரப்பு வழவழப்பாக இல்லையா, அது மண்ணுக்குள் போகிறது, விட்டுவிடுங்கள். சுற்றுச்சுவர் ஒரு நாள் தாமதமாகிறதா, ஆகட்டும். திரும்பத் திறந்து பார்க்க முடியாத இடம், திறந்தாலும் சரிசெய்ய முடியாத இடம் என்று சில உண்டு: கம்பி இருக்கும் இடம், கவர், பில்லரின் ரிங் கொக்கி 135 பாகை உள்ளே மடிந்திருப்பது, கலவைத் தண்ணீர், முட்டு எடுக்கும் நாள். இவற்றில் மட்டும் கான்கிரீட் வண்டியே வாசலில் நின்றாலும் அசையாதீர்கள். மற்றவற்றில் நீங்கள் இளகியவர் என்று தெரிந்தால், இவற்றில் நீங்கள் நிறுத்தும்போது எல்லோரும் நிற்பார்கள். 1989இல் எனக்கு இந்தப் பாகுபாடு தெரிந்திருக்கவில்லை; அன்று காலை முழுவதும் தளத்தில் சிதறிக் கிடந்த மரத்தூளைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, சேர் கம்பிக்காகச் சண்டை போட வேண்டிய மாலையில் எனக்குத் தெம்பில்லை.

முதலாளி "கோயிலா கட்டுற?" என்று கேட்டாரல்லவா, அதற்கும் ஒரு வார்த்தை. கோயில் கருங்கல்லால் ஆனது, உள்ளே துருப்பிடிக்கக் கம்பி இல்லை. கட்டியவர் கொஞ்சம் அசந்திருந்தாலும் கல் பொறுத்துக்கொள்ளும். கம்பி போட்ட வீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உண்மையில் வீட்டுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதோடு, கடலோரத்தில் வீடு கட்டும் குடும்பம் பெரும்பாலும் இருபது ஆண்டுத் தவணைக் கடனில்தான் கட்டுகிறது. கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே படுக்கையறைக் கூரை பெயர்ந்து விழுகிற வீட்டை நாம் கொடுத்தால், அந்தக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்?

வேலையை விடுவது பற்றி: இப்போது விடாதீர்கள். மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் ஒருவர் விலகினால், மேஸ்திரிக்கு ஜல்லித் துண்டு வைப்பது இன்னும் எளிதாகிவிடும், அவ்வளவுதான் நடக்கும். ஆனால் இருக்கும் இடத்தில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காத கம்பிக்குப் பார்த்ததாகக் கையெழுத்திடாதீர்கள். எடுக்காத கியூபுக்கு முடிவு எழுதாதீர்கள். ஆட்சேபத்தைச் சண்டையாக்காமல், தேதியிட்டு, இரண்டு வரியில், தளக் குறிப்பேட்டில் எழுதுங்கள், வடிவமைத்த பொறியாளருக்கும் ஒரு படி அனுப்புங்கள். எழுதியதைக் கிழிக்கச் சொல்லும் நாள் வந்தால், அன்று விலகுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியை அவர் கட்டியதிலேயே பழைய வீட்டுக்கு, அதிலும் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். வாதம் செய்யப் போகிறோம் என்று சொல்லாதீர்கள். வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றே கூப்பிடுங்கள், பழைய வாடிக்கையாளரைப் பார்க்க எந்த ஒப்பந்தக்காரரும் மறுக்க மாட்டார். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பிறகு குளியலறைக் கூரை, பிறகு கடலைப் பார்த்த பக்கத்துப் பில்லரின் மூலை. கம்பி ஓடும் வாக்கில் நேர்கோடாக மெல்லிய வெடிப்போ, செம்பழுப்புக் கறையோ இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி எதுவும் கண்ணில் படாமல் போகலாம் என்பதால், புறப்படும்போதே சட்டைப்பையில் ஒரு சிறு சுத்தியல் எடுத்துப் போங்கள். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். உள்ளே துருவேறி விலகியிருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், தகர டப்பாவைத் தட்டியது போல் பொள்ளலாகக் கேட்கும். நீங்கள் தட்ட வேண்டாம். சுத்தியலை அவர் கையில் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.